சரிவு மனையில் வீடு: வாசகர் கேள்விகள், பதில்கள்

சமவெளிக்காரர்கள் வரைந்த பிளானை மேட்டு மனையில் அப்படியே வைக்க முயன்று, பிறகு மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டும் நிலையைத்தான் இந்த முறை வந்த கடிதங்களில் அதிகம் பார்த்தோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு, கிள்ளியூர் வட்டங்களிலிருந்து வந்தவை அவை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று ஆண்டுக்கு இரண்டு முறை நனையும் மண் இது என்பதை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: குலசேகரம் அருகே எங்களுக்கு 14 சென்ட் புரையிடம் (வீட்டு மனை) இருக்கிறது. முன்பு ரப்பர் நின்ற இடம். கிழக்கே சாலை. சாலையோரம் 60 அடி, உள்நீளம் 100 அடி. சாலையிலிருந்து மேற்கு எல்லை வரை ஏறத்தாழ 14 அடி இறக்கம். ஜேசிபி விட்டு முழுவதையும் சமமாக்கிவிடலாம், பிறகு எந்த பிளானும் போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். வயதான பெற்றோர், நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். எப்படிக் கட்டலாம்?

பதில்: முழுவதையும் சமமாக்க வேண்டாம். சமமாக்கினால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனையின் நடுவை மட்டமாக வைத்துக்கொண்டால், சாலைப் பக்கம் 7 அடி வெட்டவேண்டும், பின்பக்கம் 7 அடி நிரப்பவேண்டும். வெட்டும் மண் மட்டும் ஏறத்தாழ 10,500 கன அடி, அதாவது 105 யூனிட். அதோடு முடியாது. சாலைக்கு அடியில் 7 அடி உயரத்துக்கு ஒரு மண்முகம் திறந்துவிடும். அதைத் தாங்கும் சுவர் உங்கள் செலவு. மழை பெய்தால் சாலைத் தண்ணீர் முழுவதும் உங்கள் முற்றத்தில். பின்பக்கம் நிரப்பிய 7 அடி மண்ணுக்கும் ஒரு சுவர் வேண்டும். அந்த மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமரும். கீழ் மனைக்காரரின் தலைக்கு மேல் அது நிற்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

உங்கள் மனை 100 அடிக்கு 14 அடி, அதாவது 7 அடிக்கு ஒரு அடி என்ற கணக்கில் இறங்குகிறது. இது கடுமையான சரிவு அல்ல. வீட்டை இரண்டு மட்டமாகப் பிரித்தாலே போதும்.

வீட்டின் நீளப் பக்கம் சாலைக்கு இணையாக, அதாவது சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். 40 அடி நீளம், 36 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 36 அடிக்குள் நிலம் இறங்குவது 5 அடி. அகலத்தை 18, 18 என்று இரண்டு பட்டையாகப் பிரியுங்கள். சாலைப் பக்கப் பட்டை மேல் மட்டம், மேற்குப் பட்டை அதைவிட 5 அடி தாழ்ந்த மட்டம். நடுவே 6 அங்குல உயரத்தில் 10 படிகள். படியின் மிதிபலகை 11 அங்குலத்துக்குக் குறையவேண்டாம்.

சாலையிலிருந்து 10 அடி விட்டு வீட்டைத் தொடங்குங்கள். அந்த இடத்தில் நிலம் சாலையைவிட ஏறத்தாழ 17 அங்குலம் தாழ்ந்திருக்கும். அங்கே பேஸ்மெண்ட் (நிலத்துக்கு மேல் தரை வரை எழும் கட்டு) 2 அடி வைத்தால் மேல் மட்டத் தரை சாலையைவிட 7 அங்குலம் உயர்ந்து நிற்கும். வீட்டின் நடுக்கோட்டில் அதே தரை நிலத்துக்கு மேல் 4½ அடி. கீழ் மட்டத் தரை நடுக்கோட்டில் நிலத்துக்குள் அரை அடி மட்டும் இறங்கும், பின்சுவரில் நிலத்துக்கு மேல் 2 அடி நிற்கும். மொத்த வீட்டுக்கும் மண்வெட்டு அரை அடிதான். ஒப்பந்தக்காரரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பெற்றோரின் படுக்கையறை, அதனோடு சேர்ந்த குளியலறை, அடுக்களை, சாப்பிடும் இடம், வரவேற்பறை எல்லாம் மேல் மட்டத்தில் வரட்டும். அவர்கள் ஒரு படிகூட இறங்காமல் நாள் முழுவதும் நடமாட முடியவேண்டும். சாலைக்கும் வாசலுக்கும் உள்ள 7 அங்குலத்தை 7 அடி நீளச் சாய்தளமாக ஏற்றினால், ஒரு அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் ஏற்றம் வரும். சக்கர நாற்காலிக்கு அதுதான் சரியான அளவு. உங்கள் படுக்கையறை, பிள்ளைகள் அறை, படிக்கும் இடம் கீழ் மட்டத்தில். சாலைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் ஒன்றரை அடி அகல வாய்க்கால் வெட்டி, கான்கிரீட் போட்டு, வீட்டின் இரு பக்கமும் தண்ணீரைப் பிரித்து விடுங்கள். சாய்தளம் அதன்மேல் சிறு பாலமாகப் போகட்டும். இந்த வாய்க்காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவதற்கு முன்னால் முதல் வேலை இதுதான்.

இரண்டு மட்டமாகப் பிரிப்பதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. தளத்துக்குத் தளம் 10 அடி உயரம் என்றால், கீழ் மட்டத்தின் கூரை மேல் மட்டத் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல், நடுச்சுவரில் ஏறத்தாழ 3½ அடி உயரத்துக்குச் சன்னல் வரிசை வைக்கலாம். வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் வரும், சூடான காற்று வெளியேறும். ஆனால் கீழ்க் கூரை வந்து நடுச்சுவரில் முட்டும் மூலைதான் இப்படிப்பட்ட வீடுகளில் முதலில் ஒழுகும் இடம். அங்கே கான்கிரீட் போடும்போதே ஓர் அடி உயரத்துக்குத் தூக்குச்சுவரும் சேர்த்து ஒரே வார்ப்பாக வார்க்கவேண்டும். கூரை மேற்கு நோக்கிச் சாயவேண்டும். சன்னலின் அடிக்கட்டை அந்தத் தூக்குச்சுவருக்கு மேல்தான் தொடங்கவேண்டும்.

மேற்கு முகத்தில் ஜூன், ஜூலை மாதச் சாரலும் பிற்பகல் வெயிலும் சேர்ந்து விழும். ஒன்றரை அடி சன்ஷேடு அங்கே போதாது. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் ஓட்டுக்கூரைகள் சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் நீண்டு தாழ்கின்றன என்று ஒரு முறை நின்று பாருங்கள். இந்த மாவட்டத்து மழைக்கு அதுவே விடை. குறைந்தது 3 அடி இறவாரம், முடிந்தால் 6 அடி திண்ணை.

இனி அஸ்திவாரம். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் 6 அடி ஆழத்துக்குச் சோதனைக் குழி போடுங்கள். ரப்பர் நின்ற மண்ணில் மூன்று விஷயங்களைத் தேடவேண்டும். ஒன்று, மரம் நடச் சரிவில் படிபோல் வெட்டிய பழைய தட்டுகளின் வெளிவிளிம்பு. ரப்பருக்குத் தட்டு வெட்டும்போது உள்பக்கம் வெட்டிய மண்ணைத்தான் வெளிப்பக்கம் தள்ளியிருப்பார்கள்; அந்த விளிம்பு எத்தனை ஆண்டு ஆனாலும் நிரப்பு மண்தான். இரண்டு, மழைத்தண்ணீர் தேக்க வெட்டி, பிறகு இலையும் மண்ணும் விழுந்து மூடிய குழிகள். மூன்று, மரத்தின் மூடுகள், அதாவது வெட்டியபின் மண்ணில் நிற்கும் அடிக்கட்டைகள். மூட்டைத் தோண்டாமல் மேலே மண் போட்டால் அது மக்கி உள்ளே பொந்து விழும், கறையானும் வரும். மூன்றையும் நீக்கிவிட்டு, வெட்டாத பழைய மண் வரை இறங்குங்கள்.

அஸ்திவாரத்தின் அடியைப் படிப்படியாக வெட்டவேண்டும். ஒவ்வொரு படியின் அடியும் மட்டமாக இருக்கவேண்டும். சரிவாக விட்டால் கட்டு நழுவப் பார்க்கும். படியின் உயரம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம், நீளம் உயரத்தைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும். கீழ்ப்பக்கக் கடைசி அஸ்திவாரத்தின் அடிவிளிம்பிலிருந்து சரிவின் மேற்பரப்பு வரை, படுக்கையாக அளந்தால், மண்ணில் குறைந்தது 3 அடி, பாறையில் 2 அடி இருக்கவேண்டும். மண் அரித்துக்கொண்டு போனாலும் அந்த 3 அடி காப்பாற்றும்.

நடுச்சுவர் மேல் மட்டத்து நிரப்பு மண்ணைத் தாங்கப்போகிறது என்றால் அது சாதாரணச் செங்கல் சுவராக இருக்கக்கூடாது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், அல்லது அடியில் 2½ அடி அகலமுள்ள கருங்கல் கட்டு வேண்டும். எங்கள் விருப்பம், அங்கே மண்ணே நிரப்பாமல் மேல் மட்டத் தரையைத் தொங்கு தளமாக, அதாவது மண்ணில் படாத கான்கிரீட் தளமாகப் போடுவது. அடியில் கிடைக்கும் வெற்றிடத்தில் குழாய்கள் ஓடலாம், வேண்டாத சாமானும் வைக்கலாம். காற்று போக வழி விட்டால் ஈரமும் ஏறாது. தூண் முறையில் கட்டினால், மேட்டுப் பக்கம் குட்டைத் தூணும் பள்ளப் பக்கம் நெட்டைத் தூணும் வரும். நில அதிர்விலோ பலமான அசைவிலோ குட்டைத் தூண்தான் அதிக விசையை இழுத்து முதலில் வெடிக்கும். ஆகவே தூண் கம்பிக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் மட்டுமே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பொறியாளரைக் கூப்பிடுவதற்கு முன் சரிவை நாங்களே அளக்க முடியுமா? (வேர்க்கிளம்பி)

பதில்: தாராளமாக. உள்ளே தண்ணீர் தெரியும் அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய் 50 அடி, முளைக்குச்சிகள், டேப், சுண்ணாம்புப் பொடி போதும். குழாயில் தண்ணீர் நிரப்பும்போது குமிழி இருக்கக்கூடாது. ஒரு குமிழி இருந்தாலும் அளவு தவறும். சாலையோரத்தில் அழியாத ஒரு புள்ளியைச் சுழியம் என்று குறியுங்கள். குழாயின் ஒரு முனையை அங்கே ஒரு கம்பில் கட்டி நிறுத்தி, மறுமுனையை 10 அடிக்கு ஒரு முளையாகக் கீழே கொண்டுபோங்கள். இரு முனையிலும் தண்ணீர் நின்ற உயரத்தைத் தரையிலிருந்து அளந்து கழித்தால் அந்த முளையின் தாழ்வு கிடைக்கும். கம்பின் உயரம் போதாமல் போகும் இடத்தில், கடைசி முளையைப் புதுச் சுழியமாக வைத்துத் தொடருங்கள். மனையின் இரு ஓரமும் நடுவும் என மூன்று வரிசை எடுக்கவேண்டும், ஏனென்றால் நிலம் நேராக இறங்குவதில்லை, பெரும்பாலும் ஒரு மூலைக்கு ஒதுங்கும்.

பிறகு ஒரே தாழ்வுள்ள இடங்களைச் சுண்ணாம்பால் இணையுங்கள். 2 அடித் தாழ்வுக்கு ஒரு கோடு இட்டால், வீடு எந்தத் திசையில் நீளவேண்டும் என்று அந்தக் கோடுகளே சொல்லும். கோடுகள் நெருங்கிய இடம் செங்குத்து, விலகிய இடம் தோட்டத்துக்கும் முற்றத்துக்கும் உரியது. பலத்த மழையில் ஒரு முறை குடையோடு போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே ஊற்றெடுக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வெயில் காலத்தில் எடுக்கும் எந்த சர்வேயிலும் இது கிடைக்காது.

கேள்வி: கடையாலுமூட்டுக்கு மேலே எங்கள் வீடு. வீட்டின் பின்னால் 10 அடி உயரக் கருங்கல் சுவர் கட்டி 3 ஆண்டு ஆகிறது. போன ஐப்பசி மழையில் நடுவே வயிறு தள்ளியதுபோல் முன்னால் வந்துவிட்டது. கல்லும் சிமெண்டும் நல்ல தரம்தான். ஏன் இப்படி?

பதில்: கல்லும் சிமெண்டும் நன்றாக இருந்தும் சுவர் தள்ளுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் தண்ணீர். 3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 10 அடி உயரச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலுள்ள மண் நன்கு வடிந்திருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது தள்ளும் விசை சுமார் 2.7 டன். அதே மண்ணில் மேல்வரை தண்ணீர் கட்டிவிட்டால் விசை சுமார் 6 டன். சுவர் மாறவில்லை, மண் மாறவில்லை, சுமை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் வெயிலில் அசையாமல் நின்ற சுவர் ஒரே இரவு மழையில் சாய்கிறது.

உங்கள் சுவரில் தண்ணீர்க் கண்கள் (பின்னாலுள்ள தண்ணீர் வடியும் துளைகள்) எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 3 அங்குல அல்லது 4 அங்குல பிவிசி குழாய், குறுக்கும் நெடுக்கும் 5 அடிக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றி, வெளிப்புறம் சற்றுச் சாய்ந்து இருக்கவேண்டும். கீழ் வரிசை வெளித்தரையிலிருந்து அரை அடி முதல் ஓர் அடிக்குள். கண்கள் இருந்தும் மழையில் சொட்டுகூட வரவில்லை என்றால் அவை அடைத்துக்கிடக்கின்றன. பின்னால் ஜல்லி போடாமல் வெட்டிய செம்மண்ணையே தள்ளி மூடியிருப்பார்கள். இரண்டாம் மழையிலேயே கண் அடைந்துவிடும். சுவரின் முழு உயரத்துக்கும் ஓர் அடி கனத்தில் 40 மில்லிமீட்டர் ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் ஜியோ துணி, அடியில் துளையிட்ட குழாய், அந்தக் குழாய்க்கு வெளியே போக வழி: இந்த நான்கில் ஒன்றை விட்டாலும் மற்ற மூன்றும் வீண்.

அகலத்தையும் சரிபாருங்கள். தன் எடையாலேயே நிற்கும் கருங்கல் சுவருக்கு அடி அகலம் உயரத்தில் பாதியாவது வேண்டும். 10 அடிக்கு 5 அடி. உச்சியில் ஒன்றரை அடிக்குக் குறையக்கூடாது. அடிமுதல் உச்சிவரை 2 அடியாகவே கட்டிய சுவர் வெறும் மதில்தான். அதால் மண்ணைத் தாங்க முடியாது.

இப்போது செய்யவேண்டியது: தூக்குக்குண்டு விட்டு, வயிறு தள்ளிய இடம் எத்தனை அங்குலம் என்று அளந்து தேதியோடு எழுதுங்கள். வாரம் ஒரு முறை, மழை நாளில் தினமும் அளக்கவேண்டும். கூடிக்கொண்டே போனால் சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்காதீர்கள். மேட்டில், சுவருக்குக் குறைந்தது 6 அடி பின்னால், கான்கிரீட் பூசிய இடைமறிப்பு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பூசாத வெறும் வாய்க்கால் வெட்டினால் அது சுவருக்குப் பின்னாலேயே தண்ணீரை ஊட்டும். வெட்டாமல் இருப்பதே மேல். சுவருக்குப் பின்னால் மேல் 3 அடி மண்ணை ஆள் வைத்துக் குறைத்தால் சுமை வெகுவாகக் குறையும். இயந்திரத்தை மட்டும் அந்த விளிம்புக்குக் கொண்டுவராதீர்கள். தண்ணீர்க் கண்களைப் பொறியாளர் முன்னிலையில் கீழ் வரிசையிலிருந்து துளையிடலாம். வெளிமுகத்தில் பூச்சு பூசி அழகுபடுத்தும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கல் இடுக்குகள்கூடக் கொஞ்சம் வடியவேண்டும்.

திரும்பக் கட்டும் நிலை வந்தால் ஒரே 10 அடிச் சுவருக்குப் பதில் இரண்டு 5 அடிச் சுவர்கள். மேல் சுவர் கீழ்ச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி இருந்தால்தான் அதன் சுமை கீழ்ச் சுவரில் விழாது. அவ்வளவு இடம் இல்லையென்றால் இரண்டையும் ஒரே அமைப்பாகக் கணக்கிடச் சொல்லவேண்டும். மண்வேலை ஜனவரியில் தொடங்கி, சுவரும் ஜல்லியும் மேல் வாய்க்காலும் மே முடிவதற்குள் முடிந்தாகவேண்டும்.

கேள்வி: செம்பாறை வெட்டினால் செங்குத்தாகவே நிற்கும், சுவர் தேவையில்லை என்கிறார்களே? (அருமனை)

பதில்: காய்ந்திருக்கும்போது நிற்கும். மேலே கெட்டியான செம்பாறை இருந்தாலும், அதற்கு அடியில் பல இடங்களில் வெள்ளையும் மஞ்சளும் ஊதாவும் கலந்த வழுவழுப்பான களிமண் அடுக்கு இருக்கும். ஈரமானால் அது குழைந்துவிடும். மேலே இருக்கும் பாறைத் தட்டு அப்படியே பெயர்ந்து விழும். வெட்டு முகத்தில் அந்த நிறம் தெரிந்தால் மேற்கொண்டு வெட்டாதீர்கள். எந்த மண்ணானாலும் 5 அடிக்கு மேல் தாங்கலில்லாமல் விடவேண்டாம். வெட்டு எத்தனை அடி உயரமோ அத்தனை அடியாவது வீட்டுச் சுவர் தள்ளி நிற்கட்டும். முகத்துக்கு அடியில் நின்று வேலை செய்பவர்களின் உயிரை நினைத்துச் சொல்கிறோம்.

கேள்வி: திருவட்டாறில் கட்டிய வீட்டுக்கு 4 வயது. பள்ளப்பக்க அறையில் சன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கிக் கோணலாக விரிசல். மேலே போகப் போக அகலமாகிறது. பூசிப் பூசி அலுத்துவிட்டது.

பதில்: பாதி வீடு வெட்டிய மண்ணிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் உட்கார்ந்தால் வரும் விரிசல் இப்படித்தான் இருக்கும். வெட்டிய பக்கம் அசையாது, நிரப்பிய பக்கம் அமரும், இரண்டுக்கும் நடுவில் சுவர் கிழியும். முதலில் பூசுவதை நிறுத்துங்கள். விரிசலின் இரு கரையிலும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைவெளியைத் தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒரு முறை, இரண்டு மழைக்காலமும் தாண்டும்வரை ஓர் ஆண்டு அளக்கவேண்டும்.

அதற்குள் தண்ணீரைத் திருப்புங்கள். அந்த மூலையில் கூரைத் தண்ணீர்க் குழாய் தரையிலேயே விழுகிறதா? குளியலறைக் குழாய் இணைப்பு எங்காவது கசிகிறதா? 1,440 சதுர அடி கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேரும் தண்ணீர் ஏறத்தாழ 6,700 லிட்டர். அது முழுவதும் நிரப்பு மண்ணில் இறங்கினால் எந்த வீடும் அமரும். குழாயில் பிடித்து வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விடுங்கள். பல வீடுகளில் இதோடு அசைவு நின்றுவிடுகிறது. ஓர் ஆண்டில் அளவு மாறவில்லை என்றால் விரிசலை வெட்டித் திறந்து வலை வைத்து அடைக்கலாம். வளர்ந்துகொண்டே போனால் அஸ்திவாரத்தைப் பழைய மண் வரை இறக்கிப் பிடிக்கவேண்டும். அந்த வேலையை 3 அல்லது 4 அடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, முந்தைய துண்டின் கான்கிரீட் கெட்டியான பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். செலவைக் குறைக்க முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டினால் சுவர் கீழே வரும்.

கேள்வி: கீழ்த்தளத்தின் ஒரு சுவர் மண்ணை ஒட்டி நிற்கிறது. உள்பக்கம் எந்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் ஒரே மழையில் கொப்பளித்து உதிர்கிறது. (மேல்புறம்)

பதில்: தண்ணீர் மண் பக்கமிருந்து தள்ளுகிறது, நீங்கள் அறைப் பக்கமிருந்து தடுக்கிறீர்கள். தடுப்பு மண் பக்கம்தான் இருக்கவேண்டும். பின்னால் இடம் இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் துண்டு துண்டாகத் தோண்டி, சுவரை உலரவிட்டு, வெளிமுகத்தில் நீர்த்தடுப்பு பூசி, உள்தரைக்கு அரை அடி தாழ்வாகத் துளையிட்ட குழாய் வைத்து ஜல்லியால் நிரப்புங்கள். தோண்ட வழியில்லை என்றால் உள்பக்கம் 3 அங்குல இடைவெளி விட்டு 4½ அங்குலச் செங்கல் சுவர் ஒன்று எழுப்பி, இடைவெளியின் அடியில் சிறு வாய்க்கால் வைத்து வெளியே விடுங்கள். மேலும் கீழும் காற்றுத் துளைகள் வேண்டும். இதனால் அறையில் போவது முக்கால் அடிக்கும் குறைவுதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் மண் தாங்கும் சுவரையும் வீட்டுச் சுவரையும் ஒன்றாக்காமல் நடுவே 3 அடி நடைவழி விட்டால் இந்தக் கேள்வியே வராது.

கேள்வி: மேற்கே சரியும் மனை ஆகாது, மண் போட்டு மேற்கை உயர்த்து என்று வாஸ்து பார்த்தவர் சொன்னார். செய்யலாமா? (கருங்கல்)

பதில்: உங்கள் நம்பிக்கையை மதிக்கிறோம். வாசல் திசை, பூஜை அறை, அடுக்களை இருக்கும் மூலை இவற்றையெல்லாம் சரிவைத் தொடாமலே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் இயற்கையாக மேற்கே வடியும் நிலத்தில் மேற்கை உயர்த்தினால், மழைத்தண்ணீர் வீட்டுக்கும் அந்த மேட்டுக்கும் நடுவே தங்கும். அதைத் தாங்க நிற்கும் சுவருக்கு, மேலே கடையாலுமூட்டுச் சுவருக்கு ஆனதே ஆகும். இதைச் செய்யவேண்டாம்.

கேள்வி: செப்டிக் டேங்க், கிணறு, மழைநீர்த் தொட்டி மூன்றையும் 10 சென்ட் சரிவில் எப்படி ஒதுக்குவது? (கிள்ளியூர்)

பதில்: கிணறு மேலே, செப்டிக் டேங்க் கீழே. கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழி எந்தக் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர், அதாவது 60 அடிக்குள் வரக்கூடாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி இருக்கவேண்டும். உங்கள் கிணற்றை மட்டும் பார்த்தால் போதாது, கீழ் மனைக்காரரின் கிணற்றையும் டேப் பிடித்து அளங்கள். மண்ணுக்கடியில் தண்ணீர் அவர் பக்கம்தான் நகர்கிறது. கழிவுக் குழாயைச் சரிவோடு சரிவாகச் செங்குத்தாக ஓடவிடாமல் 40 அடிக்கு ஓர் அடி இறக்கத்தில் கொண்டுபோய், உயரம் மாறும் இடங்களில் ஆழமான சேம்பர் கட்டி அதற்குள் இறக்குங்கள்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். சரிவு மனையில் உறிஞ்சுகுழியை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் ஆபத்து. தாங்குசுவருக்கு மேல்புறமோ வீட்டுக்கு மேட்டுப் பக்கமோ வெட்டினால், நாம் வடிக்கப் பாடுபடும் தண்ணீரை நாமே உள்ளே ஊற்றுகிறோம். வீட்டுக்கும் சுவருக்கும் கீழே, பள்ளப்பக்கத் தோட்டத்தில் வெட்டுங்கள். 10,000 லிட்டர் தொட்டி தண்ணீர் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 10 டன். அதையும் வெட்டு விளிம்பில் வைக்காதீர்கள்.

கேள்வி: சாலையிலிருந்து கார் நிறுத்தும் இடம் 20 அடி தூரத்தில் 4 அடி பள்ளம். மழையில் வண்டி வழுக்குகிறது, முன்பக்கம் தரையில் உரசுகிறது. (மார்த்தாண்டம்)

பதில்: 5 அடிக்கு ஓர் அடி இறக்கம், அதிகம்தான். 8 அடிக்கு ஓர் அடிக்கு மேல் போகக்கூடாது. 4 அடி இறங்கக் குறைந்தது 32 அடி வேண்டும். நேராக இடம் இல்லை என்றால் பாதையைச் சரிவுக்குக் கோணலாகத் திருப்புங்கள். அதுவும் முடியாதென்றால் சாலை மட்டத்திலேயே தூண் நிறுத்திக் கார் தளம் போட்டு, அடியில் விறகும் தேங்காயும் போடும் அறை வைக்கலாம். உரசுவதற்குக் காரணம் சரிவு சட்டென்று மாறுவது. தொடக்கத்திலும் முடிவிலும் 6 அடி நீளத்துக்குப் பாதிச் சரிவு கொடுங்கள். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே அரை அங்குல ஆழத்தில் மீன்முள் வடிவக் கோடு போடவேண்டும். கேட்டுக்கு அடியில் கம்பி வலை மூடிய 9 அங்குல வாய்க்கால் கட்டாயம்.

கேள்வி: தாத்தா காலத்துக் கய்யாலைகள் (கல் அடுக்கிய தடுப்புகள்) மனையில் மூன்று இருக்கின்றன. இடித்துவிட்டு மதில் கட்டலாமா? (பொன்மனை)

பதில்: உப்பி நிற்காத கய்யாலையை இடிக்காதீர்கள். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் அடுக்கிய கல் முழுவதுமே தண்ணீர்க் கண். வீடு, வண்டிப் பாதை, தொட்டி எதுவும் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கல் சரிந்த இடத்தை அதே முறையில் திரும்ப அடுக்குங்கள்; பெரிய கல் அடியில், ஒவ்வொரு கல்லும் உள்பக்கம் சற்றுச் சாய்ந்து இருக்கட்டும். மேல் விளிம்பில் வெட்டிவேர் நாற்றை அரை அடிக்கு ஒன்றாக ஒரே வரிசையில், இடைவெளி விழாமல், ஜூன் மழை தொடங்கியதும் நடுங்கள். நல்ல மண்ணில் அதன் வேர் 10 அடி ஆழம்கூட நேராக இறங்கும், பக்கவாட்டில் பரவி கல்லைப் பெயர்க்காது. முதல் ஆண்டு ஆடு மேயாமல் காக்கவேண்டும். கய்யாலைமேல் தானாக முளைத்த ஆலும் அரசும் கண்ணில் பட்டால் கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: பேச்சிப்பாறைப் பக்கம் மனை வாங்க நினைக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன பார்க்கவேண்டும்?

பதில்: ஹாகா என்று அலுவலகங்களில் சொல்லப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் அந்த வருவாய்க் கிராமம் இருக்கிறதா என்று சர்வே எண்ணோடு கேளுங்கள். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949 அந்தச் சர்வே எண்ணுக்குப் பொருந்துகிறதா என்று வனத்துறையில் தனியாகக் கேட்கவேண்டும். பட்டாவில் மட்டும் பார்த்தால் இது தெரியாது. மண் எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். பிறகு மனைக்கு மேலே நடந்து போய்ப் பாருங்கள்: ஓடை மூடி மனை போட்டிருக்கிறதா, மேட்டில் புதிதாக வெட்டிய மண் குவிந்திருக்கிறதா, தென்னையும் ரப்பரும் அடியில் வளைந்து நிற்கின்றனவா. மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருந்தால் அந்த மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம்.